காம்பவுண்ட் வில்: மாடலைப் பார்க்கும் முன் கையை அளந்து பாருங்கள்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் பெங்களூரிலிருந்து, ஒன்றிரண்டு ஓசூர் பக்கமிருந்து. காம்பவுண்ட் வில் (இரு நுனியிலும் கேம் என்ற சக்கரம் வைத்த வில்) பற்றியவற்றை மட்டும் சேர்த்துப் பதில் எழுதுகிறேன், கேள்வி முதலில், என் பதில் அதற்குக் கீழே. எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்றுதான் எல்லாரும் கேட்கிறீர்கள். என் பதில் அநேகமாக எல்லாருக்கும் ஒரே இடத்தில்தான் தொடங்கும்: உங்கள் கை எவ்வளவு நீளம், தோளுக்கு எவ்வளவு வலு? இந்த இரண்டும் தெரியாமல் வாங்கிய விலை உயர்ந்த வில்லை விட, இவை தெரிந்து வாங்கிய சாதாரண வில் எப்போதும் நன்றாகச் சுடும்.

எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிறேன். தேன்கனிக்கோட்டை பக்கம் எங்களுக்கு நிலம் இருக்கிறது, காட்டுப்பன்றி வந்து நிலக்கடலையை நாசம் பண்ணுகிறது. வேட்டைக்கு ஏற்ற 70 பவுண்டு வில் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். எது நல்லது?

பன்றிக்காக என்றால் எதுவும் வாங்காதீர்கள். 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்றால் கொல்வது மட்டும் இல்லை. காயப்படுத்துவது, பொறி வைப்பது, அதற்கு முயற்சி செய்வதுகூட வேட்டைதான். நிலம் உங்களுடையது என்பதால் விலக்கு கிடைக்காது. பயிரை அழிக்கும் விலங்கை என்ன செய்வது என்பதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது, ஆனால் அதற்கு அதிகாரம் உள்ள வன அதிகாரி எழுத்துமூலம் உத்தரவு போட வேண்டும், நாமாக முடிவு செய்ய முடியாது. எனவே முதலில் ரேஞ்சர் அலுவலகத்தில் பயிர்ச் சேதத்துக்கு மனு கொடுங்கள். சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், ராத்திரி டார்ச் வெளிச்சத்தில், பழக்கம் இல்லாத கையால் பன்றியின் மேல் அம்பு விட்டால் அது அடிபட்டு ஓடும், எங்கேயோ கிடந்து நாள் கணக்கில் சாகும், இல்லையென்றால் காலையில் வரப்பில் நடந்து வரும் யாரையாவது குத்தும். இது எனக்கு ஒப்பாத விஷயம்.

வில் மேல் ஆசை இருந்தால் அதை விடாதீர்கள். ஆனால் அப்போதும் 70 பவுண்டு வேண்டாம். (பவுண்டு என்பது வில்லின் கனம் இல்லை, நாணை இழுக்கத் தேவையான விசை, இழுப்பு எடை என்பார்கள்.) உலக வில்வித்தைச் சம்மேளனப் போட்டிகளில் காம்பவுண்டுக்கு உச்சவரம்பு 60 பவுண்டு. 60-70 என்று குறிப்பிட்டு வரும் வில்லை 60-க்குக் கீழே இறக்குவது சிரமம், அளவு கொஞ்சம் ஏறியிருந்தால் பரிசோதனையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். இன்னொன்று, வேட்டை வில்கள் மரத்தடியிலும் புதரிலும் திரும்ப வசதியாகக் குட்டையாக இருக்கும், ஒரு சக்கரத்தின் அச்சிலிருந்து மறு சக்கரத்தின் அச்சு வரை 28-லிருந்து 33 அங்குலம். மைதானத்தில் நின்று இலக்கில் சுட 36-லிருந்து 40 அங்குலம் உள்ளது எடுங்கள். நீளமான வில் கையில் ஆடாமல் நிற்கும்.

கம்பெனி இரண்டு வருடத்துக்கு டெக்ஸஸ் அனுப்புகிறது. அங்கே டீமில் இருப்பவர்கள் வில்லோடு மான் வேட்டைக்குப் போகிறார்கள், என்னையும் கூப்பிடுகிறார்கள். வொயிட்ஃபீல்டிலேயே பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறேன். இங்கேயே வில் வாங்கிக்கொண்டு போய்விடலாமா?

அங்கே போய் வாங்குங்கள். ஹோய்ட், மேத்யூஸ், பி.எஸ்.இ., பேர் எல்லாம் அமெரிக்க வில் கம்பெனிகள்தான். இங்கே இறக்குமதி வரி கட்டி வாங்கி, விமானத்தில் சுமந்து, அங்கே போய் அளவு சரியில்லை என்று மறுபடி கழற்றி மாட்டுவதில் அர்த்தம் இல்லை. வில் கடையோடு சேர்ந்து சுடும் இடமும் இருக்கிற கடையாகப் பாருங்கள். மூன்று நான்கு வில்களை உங்கள் அளவுக்கு வைத்துச் சுட்டுப் பார்த்த பிறகு பணத்தை எடுங்கள்.

சட்டம் முதலில். டெக்ஸஸில் வேட்டை உரிமம் வேண்டும். 1971 செப்டம்பர் 2-ஆம் தேதி அல்லது அதற்குப் பின் பிறந்தவர்கள் வேட்டைக் கல்வி வகுப்பும் முடிக்க வேண்டும். கட்டாயத்துக்காக இல்லாமல் ஆர்வமாகவே அதைப் படியுங்கள், எங்கே அம்பு பட வேண்டும் என்பதை அதில்தான் ஒழுங்காகச் சொல்லித் தருகிறார்கள்.

வில்லைப் பற்றி. மானுக்கு 70 பவுண்டு வேண்டும் என்று உங்கள் நண்பர்கள் சொல்வார்கள். வேண்டாம். பல அமெரிக்க மாநிலங்கள் மானுக்குக் குறைந்தபட்சம் என்று வைத்திருப்பதே 35, 40 பவுண்டுதான். 400 கிரெய்ன் (சுமார் 26 கிராம்) எடையுள்ள அம்பு நொடிக்கு 240 அடி வேகத்தில் போனாலே 50 அடி-பவுண்டுக்குக் கொஞ்சம் மேலே ஆற்றல் இருக்கும், வெள்ளைவால் மானுக்கு அது தாராளம். அம்பு துப்பாக்கிக் குண்டு மாதிரி அதிர்ச்சியால் கொல்வதில்லை, வெட்டிக் கொல்கிறது. அதனால் பிராட்ஹெட்டின் (வேட்டை அம்பின் பிளேடு வைத்த முனை) கூர்மையும், அது நுரையீரல் வழியாகப் போவதும்தான் முக்கியம். விலங்கு பக்கவாட்டில் நிற்கும்போது மட்டும், முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் குறி வையுங்கள். நேருக்கு நேர் நின்றால் விட்டுவிடுங்கள், இன்னொரு நாள் வரும்.

வேகத்தை விட வில்லின் சத்தத்தைக் கவனியுங்கள். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1,100 அடி போகிறது, உங்கள் அம்பு 240. 25 கஜத்தில் நிற்கும் மானுக்கு நாணின் சத்தம் அம்புக்குக் கால் நொடி முன்னாலேயே கேட்டுவிடும். ஓடுவதற்காக அது முதலில் உடலைத் தாழ்த்தும், அதற்குள் நீங்கள் குறி வைத்த இடம் நகர்ந்துவிட்டிருக்கும். 40 கஜம் என்றால் அம்பு போய்ச் சேரவே அரை நொடி. இன்னும் வேகமான வில் வாங்கினாலும் ஒலியை முந்த முடியாது. சத்தம் குறைந்த வில், கொஞ்சம் கனமான அம்பு, 20-25 கஜத்துக்குள் மட்டும் சுடுவது என்று ஒரு கட்டுப்பாடு, இவை போதும். வில்லின் நீளம் 30-33 அங்குலம், பிரேஸ் ஹைட் (இழுக்காதபோது கைப்பிடிக்கும் நாணுக்கும் உள்ள தூரம்) 6½-7 அங்குலம், லெட்-ஆஃப் (முழுதாக இழுத்த பின் குறையும் இழுப்பு எடை) 80 சதவீதம் பக்கம் இருக்கட்டும், ஏனென்றால் மான் திரும்பும் வரை இழுத்த நாணைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டி வரும்.

முதல் சீசனில் அவர்களோடு போய்க் கூட உட்கார்ந்து பாருங்கள், வில்லை வீட்டிலேயே வையுங்கள் என்பது என் யோசனை. உயிரோடு விளையாடும் விஷயத்தில் அவசரம் கூடாது.

விவேக்நகர். இரண்டு கையையும் விரித்தால் 168 செ.மீ. என் ட்ரா லெங்த் (நாணை இழுக்கும் நீளம்) என்ன? நொடிக்கு 340 அடி வேகம் என்று விளம்பரத்தில் போட்ட வில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன்.

கை விரிப்பை 2.5-ஆல் வகுத்தால் ஏறத்தாழ சரியாக வரும். 168 செ.மீ. என்றால் 66 அங்குலம், வகுத்தால் 26½ அங்குலம். இது தொடக்கம்தான், முடிவான அளவு வில்லை இழுத்துப் பார்க்கும்போது அரை அங்குலம் முன்பின் மாறும். நம் ஊரில் பலர் அரை, ஒரு அங்குலம் கூடுதலாக வைத்துத்தான் சுடுகிறார்கள், கடையில் 28, 29 அங்குலத்தில் தயாராக இருக்கிற வில்லை அப்படியே கொடுத்துவிடுவதுதான் காரணம். நீளம் கூடினால் உடம்பு பின்னால் சாயும், நாண் தாடையைத் தாண்டிப் போகும், முன்னங்கையில் சுளீரென்று அடிக்கும். காம்பவுண்டில் கேம் சக்கரம் தடுத்து நிறுத்தும் இடத்தில்தான் இழுப்பு நிற்கும், ரீகர்வ் (சக்கரம் இல்லாத, நுனி வளைந்த வில்) போல நமக்கு வசதியான இடத்தில் நாமாக நிறுத்திக்கொள்ள முடியாது. அதனால்தான் இந்த அளவில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

அந்த 340 உங்களுக்குக் கிடைக்காது. அந்த வேகம் 70 பவுண்டு, 30 அங்குல இழுப்பு, 350 கிரெய்ன் அம்பு என்ற கணக்கில் அளந்தது. இழுப்பு ஓர் அங்குலம் குறைந்தால் சுமார் 10 அடி போகும், ஒரு பவுண்டு குறைந்தால் சுமார் 2 அடி. 26½ அங்குலத்தில் 50 பவுண்டு என்றால் அதே அம்புக்கு 265 பக்கம் வரும், நாணில் பீப் சைட்டும் (குறி பார்க்கும் சிறு துளை) டி-லூப்பும் (ரிலீஸ் கருவியை மாட்டும் கயிற்று வளையம்) ஏறினால் இன்னும் கொஞ்சம் குறையும். 50 மீட்டரில் பத்து வளையத்தை அடிக்க அது தாராளமாகப் போதும்.

எத்தனை பவுண்டு என்பதற்கு ஒரு சோதனை சொல்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு, வில்லை வானத்தைப் பார்க்க உயர்த்தாமல் நேராக நீட்டி இழுங்கள். திணறினால் இழுப்பு எடை அதிகம். 60 பவுண்டு வில்லில் 80 சதவீத லெட்-ஆஃப் இருந்தால் முழுதாக இழுத்த பின் பிடித்திருப்பது 12 பவுண்டுதான் என்று கடைக்காரர் சொல்வார், உண்மைதான், மிசோரிக்காரரான ஹாலஸ் வில்பர் ஆலன் 1966-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த இந்த வில்லின் அழகே அதில்தான் இருக்கிறது. ஆனால் அந்த 12-க்கு வந்து சேர ஒவ்வொரு முறையும் 60-ஐத் தாண்டித்தான் வர வேண்டும். ஒரு மாலையில் எழுபது அம்பு விட்டால் எழுபது முறை. தோளைக் கெடுத்துக்கொண்டால் திரும்பி வர மாதக் கணக்காகும்.

அல்சூரிலிருந்து எழுதுகிறேன். மகளுக்கு 12 வயது. பள்ளியில் வில்வித்தை ஆரம்பித்திருக்கிறாள், காம்பவுண்ட்தான் வேண்டும் என்கிறாள். அது ஒலிம்பிக்ஸில் இல்லை, ரீகர்வ் வாங்குங்கள் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார்.

இனி அப்படிச் சொல்ல முடியாது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி சேர்க்கப்பட்டுவிட்டது. அது இல்லாமலேயே நம் நாட்டுக்கு இந்த வில் நிறையக் கொடுத்திருக்கிறது. 2023-ல் பெர்லினில் அதிதி சுவாமி 17 வயதில் உலக சாம்பியன் ஆனார், ஓஜஸ் தேவ்தலேவும் அங்கேயே ஆனார். அதே ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டில் காம்பவுண்டின் ஐந்து தங்கமும் இந்தியாவுக்கு, அதில் மூன்றில் ஜோதி சுரேகா வென்னம் இருந்தார். கைகளே இல்லாமல் காலால் வில் பிடித்துச் சுடும் ஷீதல் தேவி, 2024 பாரிஸ் பாராலிம்பிக்ஸில் ராகேஷ் குமாரோடு சேர்ந்து வெண்கலம் வாங்கியதும் காம்பவுண்டில்தான். மகளுக்கு அந்தப் போட்டியின் வீடியோவைக் காட்டுங்கள்.

வளரும் குழந்தைக்குப் போட்டி வில் இப்போது வாங்காதீர்கள். டயமண்ட் இன்ஃபினிட் எட்ஜ் ப்ரோ, பேர் க்ரூஸர் ஜி2 மாதிரி அளவு மாற்றக்கூடியவை இருக்கின்றன: இழுப்பு எடை 5-லிருந்து 70 பவுண்டு வரை, ட்ரா லெங்த்தும் 12, 13 அங்குலத்திலிருந்து 30, 31 வரை ஏற்றலாம். அவள் வளர வளர வில்லும் கூடவே வளரும். 20 பவுண்டு பக்கம் தொடங்கி, அவள் சிரமம் இல்லாமல் சுடும்போது மட்டும் ஏற்றுங்கள், பயிற்சியாளர் அவசரப்படுத்தினாலும் மறுத்துவிடுங்கள். அவளுக்கு எது பிடிக்கிறதோ அதைச் சுடட்டும்.

வலது கைக்காரன், ஆனால் இடது கண் ஆதிக்கம் (குறி பார்க்கும்போது மூளை அதிகம் நம்புவது இடது கண்ணை) என்று தெரிந்தது. எந்த வில்?

புதிதாகத் தொடங்குபவர் என்றால் இடது கை வில் (நாணை இடது கையால் இழுப்பது). நான்கைந்து வாரம் கை தடுமாறும், பிறகு பழகிவிடும். ஏற்கெனவே சில வருடம் வலது கையில் சுட்டிருந்தால் மாற்றாதீர்கள், இடது கண்ணை மறைத்துக்கொண்டு சுடுங்கள்.

டொம்லூரில் ஒருவர் பழைய வில் ஒன்றைப் பாதி விலைக்குத் தருகிறார். எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் லிம்ப் (இழுக்கும்போது வளையும் மேல், கீழ்ப் பட்டைகள்). ஒரு பஞ்சு உருண்டையை அதன் விளிம்போடு மெதுவாக ஓட்டுங்கள், நார் சிக்கினால் அங்கே விரிசல் இருக்கிறது, அந்த வில் வேண்டாம். அம்பு இல்லாமல் நாணை விட்டது உண்டா என்று நேராகக் கேளுங்கள். அம்புக்குப் போக வேண்டிய ஆற்றல் முழுவதும் அப்போது வில்லுக்குள்ளேயே திரும்புகிறது, வெளியே தெரியாத சேதம் ஆகும். கேம் சக்கரத்தின் விளிம்பில் நெளிவு இருக்கிறதா, நாண் அதன் பள்ளத்தில் ஒழுங்காக உட்கார்கிறதா என்று பாருங்கள். நாணும் கேபிளும் இரண்டு மூன்று வருடத்துக்கு மேல் பழையது என்றால் மாற்றும் செலவை விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள். இதெல்லாம் சரியாக இருந்தாலும், உங்கள் ட்ரா லெங்த்துக்கு அது மாறுமா? சில மாடலில் அதற்கு வேறு கேம் அல்லது மாட்யூல் (கேமில் மாட்டும் சிறு பாகம்) வாங்க வேண்டும், பழைய மாடலுக்கு அது கிடைப்பதே கஷ்டம். கிடைக்காது என்றால் பாதி விலையும் நஷ்டம்தான்.

அவர் கூடவே தரும் கார்பன் அம்புகளையும் அப்படியே எடுத்து விட்டுவிடாதீர்கள். ஒவ்வொன்றையும் இரண்டு முனையிலும் பிடித்து லேசாக வளைத்து, காதருகே வைத்துக் கேளுங்கள். சடசடவென்று சத்தம் வந்தால் உடைத்துக் குப்பையில் போடுங்கள். விரிசல் விட்ட கார்பன் அம்பு, விடும்போது சிதறி வில் பிடித்த கையிலேயே ஏறும்.

ராமமூர்த்தி நகரில் சொந்த வீடு, மொட்டை மாடி 15 மீட்டர் நீளம். அங்கே பயிற்சி செய்யலாமா?

கூடாது. இலக்கைத் தவறிய ஒரு காம்பவுண்ட் அம்பு சில நூறு மீட்டர் போகும், சுற்றிலும் வீடுகள், துணி உலர்த்தும் பெண்கள், பட்டம் விடும் பிள்ளைகள். வில்வித்தை ரேஞ்சுக்குப் போங்கள். வீட்டில் வேண்டுமானால் கண்ணாடி முன் நிலைப் பயிற்சி, ரப்பர் பட்டை இழுப்பது மட்டும்.

மொத்தமாக ஒரு தொகை ஒதுக்கியிருக்கிறேன். எல்லாவற்றையும் நல்ல வில் மேல் போட்டுவிட்டு மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் அல்லவா?

பாதிக்கு மேல் வில்லுக்குப் போடாதீர்கள். மீதியில் முதலில் நல்ல ரிலீஸ் (நாணைப் பிடித்து விடும் கருவி), பிறகு உங்கள் வில்லுக்கு ஏற்ற ஸ்பைன் (அம்பின் விறைப்பு அளவு) உள்ள ஒரு டஜன் அம்பு, பிறகு சைட் (குறி பார்க்கும் கருவி), ரெஸ்ட் (அம்பைத் தாங்கும் பாகம்), கடைசியில் ஸ்டெபிலைசர் (வில் ஆடாமல் இருக்க முன்னால் மாட்டும் தண்டு). அம்பில் 500, 400, 340 என்று எண் போட்டிருப்பது அது எவ்வளவு வளையும் என்பதைக் காட்டுகிறது, எண் சிறிதானால் அம்பு விறைப்பு. 50 பவுண்டில் சுடுபவர், 70 பவுண்டுக்காரர் சொன்னார் என்று 340 வாங்கினால் எந்த விலை வில்லிலும் அது ஒழுங்காகப் பறக்காது. எடையிலும் மிகவும் இறங்காதீர்கள், வில்லின் ஒவ்வொரு பவுண்டுக்கும் அம்பு குறைந்தது 5 கிரெய்ன் இருக்க வேண்டும், அதற்குக் கீழே போனால் கிட்டத்தட்ட வெறும் நாணை விட்ட மாதிரி வில் அடி வாங்கும்.

கொஞ்சம் பணம் நாண் மெழுகுக்கும் நல்ல பெட்டிக்கும் வையுங்கள். சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போய்விட்டு, திரும்பும் வழியில் வெயிலில் நிறுத்திய காரில் வில்லை விட்டுவிட்டு மாலுக்குள் போகிறவர்கள் நிறைய. மூடிய காருக்குள் ஏறும் சூட்டில் நாண் நீளும், பீப் சைட் திரும்பிக்கொள்ளும், லிம்பின் ஒட்டும் விட ஆரம்பிக்கும். பெட்டியைக் கையோடு எடுத்துப் போக முடியாது என்றால் நேராக வீட்டுக்குப் போங்கள்.