மோட்டார ஆஃப் பண்ணுனா காலி பண்ணணுமா?

அண்ணே, மார்த்தாண்டம் வீட்டுல ஓனர் காலி பண்ணச் சொல்லி ஒரு வாரமா மோட்டார் ரூமப் பூட்டிட்டாருன்னு போட்டிருக்கீங்க. 2019 பிப்ரவரில நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்துல தண்ணி, கரண்ட்ட நிறுத்தவே கூடாது, வாடகை அதிகாரிட்ட (டெபுடி கலெக்டர் ரேங்க்) மனு குடுத்தா உடனே திறந்துவிட இடைக்கால உத்தரவு போடலாம், பூட்டு, காலி டேங்க் எல்லாத்தையும் தேதியோட போட்டோ எடுத்து வையுங்க.

ஆனா நீங்க 10 மாச அட்வான்ஸ் குடுத்துட்டு வாய்ப்பேச்சுல இருக்கியதுதான் வம்பு. எழுத்துல அக்ரிமெண்ட் போட்டு 90 நாளுக்குள்ள பதியணும், அது இல்லங்கறதையே காரணமா காட்டி ஓனரும் உங்கள வெளியேத்த மனு போடலாம். ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதலைன்னா அட்வான்ஸ் 3 மாச வாடகைக்கு மேல வாங்கவும் கூடாது. அட்வான்ஸ ஜிபேல அனுப்புனீங்களா, கையிலயா? ஜிபேன்னா இன்னைக்கே ஸ்டேட்மெண்ட் எடுத்துருங்க.