ஜெர்மனியின் டித்மார்ஷென் இன்று ஒரே மாவட்டம்தானே? பிறகு ஏன் வடக்கு, தெற்கு என்று பிரித்துப் பேசுகிறார்கள்?

படிப்புக்காக அங்குள்ள ஹைடே ஊரில் இரண்டு வருடம் இருந்தேன். போன புதிதில் எனக்கும் இதே சந்தேகம்தான். ஒரு வரியில் சொன்னால், அது 1559-ல் விழுந்த கோடு. ஆனால் 1500-லிருந்து தொடங்கினால்தான் அதன் வலி புரியும்.

மேற்கே வட கடல், தெற்கே எல்பே, வடக்கே ஐடர் ஆறு, கிழக்கே அந்தக் காலத்தில் சதுப்பு நிலம். நடுவில் வாழ்ந்த விவசாயிகள் பெயருக்கு பிரேமன் பேராயருக்குக் கட்டுப்பட்டவர்கள். உண்மையில் தங்களைத் தாங்களே ஆண்டுகொண்டார்கள். 1447-ல் சட்டத்தை எழுதிவைத்து, 48 பேர் கொண்ட மன்றத்திடம் அதிகாரத்தைக் கொடுத்தார்கள். அவர்கள் கூடிய இடம் ஹைடே சந்தைத் திடல். ஏறக்குறைய 4.7 ஹெக்டேர்! சனிக்கிழமை சந்தையில் முட்டைக்கோஸ் வாங்கப் போகும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும்.

டென்மார்க் அரசர் ஹான்ஸுக்கு இது பொறுக்கவில்லை. 1500 பிப்ரவரி 17 அன்று, 'கருப்புக் காவல்' என்ற கூலிப்படையை முன்னால் விட்டு, பெரும் சேனையோடு வந்தார். ஹெம்மிங்ஸ்டெட் அருகே பாதை குறுகல், இருபுறமும் வாய்க்கால். உள்ளூர்க்காரர்கள் மதகைத் திறந்துவிட்டார்கள். கவசம் போட்ட குதிரைகளும் பீரங்கிகளும் சேற்றில் சிக்கி நகரமுடியாமல் நின்றன. வாய்க்காலைக் கழி ஊன்றித் தாண்டிப் பழகிய விவசாயிகளுக்கு அந்தச் சேறு சொந்த வயல் மாதிரி. அரசரின் சேனை சிதறியது. அந்த இடத்து நினைவுச்சின்னத்தில், கூலிப்படையின் முழக்கத்தையே திருப்பிப் போட்டு எழுதியிருக்கிறார்கள்: "காவல்படையே, உஷார்! உழவன் வருகிறான்!" அதன் முன்னால் நின்றபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

அந்தச் சுதந்திரம் அடுத்த 59 வருடம்தான். 1559-ல் டென்மார்க் அரசரும் இரண்டு கோமகன்களும் சேர்ந்து வந்து ஜெயித்தார்கள். நிலத்தை மூன்றாகப் பங்குபோட்டார்கள். ஒரு கோமகன் வாரிசில்லாமல் இறந்ததால், 1581-ல் அது இரண்டானது. வடக்கு கொட்டார்ஃப் கோமகனுக்கு, தெற்கு அரசருக்கு. 1773-ல் வடக்கும் அரசர் கைக்கே வந்தது, ஆனாலும் நிர்வாகம் தனித்தனியாகவே நடந்தது. 1867-ல் வந்த ஜெர்மன் அரசான பிரஷ்யாவும் அதே கோட்டின்மேல் இரண்டு மாவட்டங்களை அமைத்தது: வடக்குக்கு ஹைடே, தெற்குக்கு மெல்டார்ஃப் தலைநகர்.

1970 ஏப்ரலில்தான் இரண்டும் இணைந்தன. தலைமையிடம் ஹைடேவுக்குப் போனது. அதற்கு முந்தைய பழைய மையமான மெல்டார்ஃப், மாவட்டத் தலைநகர் என்ற பெயரை இழந்தது. நான் குடியிருந்த வீட்டுக்காரம்மா அந்த ஊரில் பிறந்தவர். கல்யாணமாகி ஹைடேவுக்கு வந்து நாற்பது வருடமாகியும், "எந்த ஊர்?" என்று யாராவது கேட்டால், "தெற்கு டித்மார்ஷென்" என்றுதான் சொல்வார்.