டோங்காட்டு ட்ரம்ஸ் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மதுரைக்காரன் நான். வேலைக்காகத் தென்னாப்பிரிக்கா வந்து, ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் குடும்பத்தோடு இருக்கிறேன். கல்லூரி நாட்களில் மெல்லிசைக் குழுவில் ட்ரம்ஸ் வாசித்ததுண்டு. இப்போது டர்பன் பக்கத்து டோங்காட்டில் ஒரு பழைய பிரிமியர் கம்பெனி ட்ரம் செட் விலைக்கு வந்திருக்கிறது. பேஸ் ட்ரம், அதன்மேல் நிற்கும் 14 அங்குல டாம், தரையில் காலூன்றி நிற்கும் 16 அங்குல ஃப்ளோர் டாம், ‘சூப்பர் ஸின்’ என்று பொறித்த இரண்டு சிம்பல். அடியில் கம்பி கட்டிய ஸ்நேர் ட்ரம் இல்லை. படப்பாட்டு ஆர்க்கெஸ்ட்ராவில் வாசித்த ஒரு பெரியவருடையது, மகன் விற்கிறார். 1964ஆம் வருஷத்துச் செட், பீட்டில்ஸ் வாசித்த அதே மாடல் என்று சொல்லி 14,000 ரேண்ட் கேட்கிறார். ஆனால் பேஸ் ட்ரம்முக்குள் ஒட்டியிருக்கும் கடை ரசீதில் விலை பவுண்டில் இருக்கிறது. நான் கொண்டுபோன 14 அங்குலத் தோல் டாமில் உட்காரவில்லை. ட்ரம்மைச் சுற்றி ஒட்டிய அலங்கார உறை, அதாவது ரேப், ஒரு பக்கம் தூக்கி நிற்கிறது. தோலைப் பிடித்திருக்கும் உலோக வளையங்களில் துரு. பேஸ் ட்ரம்மின் முன்தோலில் ஆர்க்கெஸ்ட்ராவின் பெயரைக் கையால் எழுதியிருக்கிறார்கள்.

ரேப்பை உரித்துப் புதுசு ஒட்டி, குரோம் போட்டு, டாமைத் தாங்க நவீன டாம் ஹோல்டர் வைத்துவிடலாம் என்கிறார் நண்பர். அந்தக் காசுக்குப் புதுச் செட்டே வாங்கலாமே என்கிறாள் மனைவி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ர., லெனேசியா

அன்புள்ள ர.,

அந்த ரசீதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். தென்னாப்பிரிக்கா பவுண்டை விட்டு ரேண்டுக்கு மாறியது 1961 பிப்ரவரி 14 அன்று. ரசீது அந்த ட்ரம்முக்கே உரியது என்றால், செட் 1964க்கு மூத்தது. இதைக் கேட்டால் மகன் விலையை ஏற்றப் பார்ப்பார். உங்களுக்கோ இது சந்தோஷப்பட வேண்டிய சேதி இல்லை. தோல் ஏன் உட்காரவில்லை என்பதற்கான காரணமும் இதில்தான் இருக்கிறது.

பிரிமியர் 1922இல் லண்டனில் தொடங்கிய கம்பெனி. போரில் குண்டு விழுந்த பிறகு லெஸ்டர் பக்கம் போனது. அவர்கள் நெடுங்காலம் தங்கள் சொந்த அளவில் ஷெல், அதாவது ட்ரம்மின் மர உடல், செய்தார்கள். 14 அங்குலம் என்று பெயர், ஆனால் அமெரிக்க 14ஐவிட நூலளவு பெரிது. 1960களின் பிற்பகுதியில்தான் சர்வதேச அளவுக்கு மாறினார்கள். ஆகவே மகன் சொல்லும் வருஷத்தை எடுத்துக்கொண்டாலும் சரி, ரசீது சொல்லும் வருஷத்தை எடுத்துக்கொண்டாலும் சரி, இது பழைய அளவுச் செட். இன்று கடையில் கிடைக்கும் தோலின் வளையம் அமெரிக்க அளவு ஷெல்லின் மேல் சும்மா விழும். இதில் மாட்டிக்கொண்டு நிற்கும். தட்டி இறக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்; வளையம் கோணும், விளிம்பும் கெடும்.

அதனால் பேரத்துக்கு முன்னால் டேப்போடு ஒருமுறை போய், ஒவ்வொரு ட்ரம்மின் வெளி விட்டத்தையும் இரண்டு மூன்று திசையில் அளந்து வாருங்கள். ரேப்பையும் சேர்த்தே அளக்க வேண்டும். திசைக்குத் திசை அளவு மாறினால் ஷெல் வட்டம் தப்பியிருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மருந்து கிடையாது, விட்டுவிடுங்கள். வட்டம் சரியாக இருந்து விட்டம் மட்டும் கொஞ்சம் கூடுதல் என்றால் வழி உண்டு. இப்படிப் பருத்த பழைய ஷெல்களுக்காகவே ட்ரம் தோல் கம்பெனியான ரெமோ ‘கிளாசிக் ஃபிட்’ என்று ஒரு வரிசை செய்கிறது. அதுவும் இறங்கவில்லையென்றால் அளவு கொடுத்துத் தனியாகச் செய்து வாங்க வேண்டும். டாமுக்கும் ஃப்ளோர் டாமுக்கும் மேல் கீழ் என்று நான்கு தோல். தபால் செலவும் சுங்கவரியும் வேறு. அந்தத் தொகையைக் கூட்டிப் பார்த்துவிட்டு 14,000 நியாயமா என்று யோசியுங்கள். எனக்கு நியாயமாகப் படவில்லை. ஸ்நேர் இல்லாததற்கும் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள். பழைய செட்டுகளில் ஸ்நேர் காணாமல் போயிருப்பது சகஜம்தான். அதற்காக முழுச் செட்டின் விலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

பீட்டில்ஸ் கதைக்கு ஒரு ரேண்ட்கூடக் கொடுக்காதீர்கள். பீட்டில்ஸின் ட்ரம்மர் ரிங்கோ குழுவில் சேர்ந்தபோது பிரிமியர் வாசித்தார் என்பது உண்மை. 1963இலேயே அமெரிக்க லட்விக் ட்ரம்முக்கு மாறிவிட்டார். 1964 பிப்ரவரி 9 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் அவர் அதை வாசித்த பிறகு லட்விக்கின் மவுசு எங்கேயோ ஏறிவிட்டது. இங்கே அதை யார் பார்த்தார்கள்? இந்த நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்ததே 1976இல். போதாததற்கு 1966இலிருந்து 1971வரை அரசு வானொலி பீட்டில்ஸ் பாட்டுக்குத் தடை போட்டிருந்தது. டோங்காட் பெரியவர் பிரிமியர் வாங்கியிருக்கிறார் என்றால், அன்று டர்பன் கடையில் கைக்கு எட்டிய பிரிட்டிஷ் சாமான் அது என்பதால்தான் இருக்கும். அதில் குறைச்சல் ஒன்றுமில்லை. ‘தி ஹூ’ குழுவின் கீத் மூன் வாசித்ததும் பிரிமியர்தான்.

உங்கள் வீட்டம்மா சொல்வது பாதி சரி. அடுத்த மாதமே கல்யாணத்தில் வாசிக்கப் போகிறீர்கள் என்றால் புதுச் செட்டை வாங்குங்கள். வீட்டில் வைத்து வாசிக்க, அந்தப் பழைய சத்தத்துக்காக, சனிக்கிழமை மதியங்களைக் கொடுக்கத் தயார் என்றால் மட்டும் இது.

இனி உங்கள் நண்பர். அவர் சொன்ன மூன்று வேலையையும் நான் மறுக்கிறேன். திருப்பி எடுக்க முடியாத எதையும் பழைய ட்ரம்மில் செய்யக்கூடாது. மற்றதெல்லாம் உங்கள் இஷ்டம்.

ரேப்பை உரிப்பது ஆபத்தும்கூட. அந்தக் காலத்து ரேப் பெரும்பாலும் செல்லுலாய்ட், பழைய சினிமாச் சுருள் மாதிரி நெருப்பைக் கண்டால் குப்பென்று பிடிக்கும் சரக்கு. அதன்மேல் ஹீட் கன்னைக் காட்டி உரிக்கலாம் என்று காணொளிகளில் சொல்கிறார்கள். வேண்டாம். தூக்கி நிற்கும் ஓரத்துக்கு அடியில் தூசியைத் துடைத்து, கான்டாக்ட் பசையை மெல்லிசாகத் தடவி, இரண்டு மூன்று பெல்ட்டால் இறுக்கிக் கட்டி ஒரு நாள் விடுங்கள். ரேப் சுருங்கிப்போய் ஓரம் ஓரத்தைத் தொடாமல் நின்றால் இழுக்காதீர்கள், கிழியும். இடைவெளி இருந்துவிட்டுப் போகட்டும், அது சத்தத்தைக் கெடுக்காது.

பிரிமியரின் குரோமுக்கு அந்த நாளிலேயே நல்ல பேர். டோங்காட்டின் கடல்காற்றில் இத்தனை வருஷம் இருந்தும் மேலே மட்டும் துருவேறியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். பழுப்பாக வழியும், துடைத்தால் பளபளப்பு வரும். குழி விழுந்த இடத்தில் குழி குழிதான். லக்குகள், அதாவது தோலை இறுக்கும் ராடுகள் முறுகும் பிடிகள், வேறு சங்கதி: அவை துத்தநாகக் கலவை வார்ப்பு, முலாம் பூசும் பட்டறைகள் பலவும் தொடவே யோசிக்கும். சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்தால் போதும். ராடுகளையும் லக்குகளையும் எந்த ட்ரம்மில் கழற்றினீர்களோ அதன் பெயர் எழுதிய டப்பாவில் போட்டு வையுங்கள். பழைய பிரிமியரின் மரை அமெரிக்க மரை இல்லை. வேறு ராடைப் போட்டு முறுக்கினால் லக்கின் மரை போய்விடும், அப்புறம் மாற்று லக்குக்கு ஊர் ஊராகத் தேட வேண்டியதுதான்.

நவீன டாம் ஹோல்டருக்காக ஷெல்லில் ஓட்டை போடுவது படுபாதகம். பழைய ஹோல்டர் ஆடுகிறதென்றால் டாமை ஒரு ஸ்நேர் ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். எத்தனையோ பேர் அப்படித்தான் வாசிக்கிறார்கள்.

செலவும் கவனமும் போக வேண்டிய இடம் ஷெல்லின் விளிம்பு. தோல் தொடுவது அந்த மெல்லிய மரவிளிம்பை மட்டும்தான். வீட்டில் கிரானைட் மேடை இருக்குமே, அதன்மேல் ஷெல்லைக் கவிழ்த்து, உள்ளே டார்ச்சை வைத்து, விளக்கை அணைத்துவிட்டுச் சுற்றிப் பாருங்கள். சமையல் நேரம் பார்த்துச் செய்யாதீர்கள். எங்காவது வெளிச்சம் கசிந்தால் அங்கே பள்ளம். இழையளவு என்றால் தோல் சமாளிக்கும். அதற்கு மேல் என்றால் விளிம்பு வேலை தெரிந்த ஆளிடம் கொடுங்கள். தச்சரிடம் கொடுக்காதீர்கள், அழகாக இழைத்து ட்ரம்மைக் காலி செய்துவிடுவார். ஷெல்லுக்குள் பூஞ்சை இருந்தால் உலர்ந்த துணியால் துடைத்து நிழலில் காற்றாட வையுங்கள். பறையைத் தீயில் காய்ச்சுவது நம் பழக்கம், ஆனால் அது தோலுக்கு. ஒட்டுப்பலகையை வெயிலில் வைத்தால் அடுக்கு பிரியும்.

சிம்பல் இரண்டும் பிரிமியரே விற்றவை. கீறல் இல்லாவிட்டால் வைத்துக்கொள்ளுங்கள், பாலிஷ் போடாதீர்கள்.

கடைசியாக அந்த முன்தோல். பிளாஸ்டிக் தோல்கள் பரவலானதே 1957 வாக்கில்தான். பவுண்டு காலத்துச் செட் என்றால் அது நிஜக் கன்றுத்தோலாகவே இருக்கலாம். விளக்கை எதிரே பிடித்துப் பாருங்கள்: நரம்பும் திட்டும் தெரிந்தால் கன்றுத்தோல். எழுத்தின்மேல் ஈரத்துணியே படக்கூடாது. பெரியவரிடம் நேரில் கேட்டு, அவருக்கு அது வேண்டுமென்றால் கொடுத்துவிடுங்கள், உங்களுக்குப் புதுத்தோல் போதும். உங்களோடு வருகிறதென்றால் ஒரு ஜாக்கிரதை. கடற்கரை ஈரத்தில் தளர்ந்திருக்கும் கன்றுத்தோல், கடல் மட்டத்துக்கு 1,700 மீட்டருக்கும் மேலே இருக்கும் ஜோகன்னஸ்பர்க் பக்கத்துக் குளிர்கால வறட்சியில் தானாக இறுகும். இறுக்கிய நிலையில் கொண்டுபோனால் கிழிந்துவிடும். வழியில் வான் ரீனன் கணவாய்க்கு வந்த பிறகு ஞாபகம் வந்து பிரயோஜனமில்லை. டோங்காட்டிலேயே, பக்கியில் (பிக்கப் வண்டியில்) ஏற்றும் முன், முன்பக்க ராடுகளை எல்லாம் ஒவ்வொரு சுற்றாகத் தளர்த்திவிடுங்கள். லெனேசியாவில் ஒரு வாரம் அப்படியே விட்டுவிட்டு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கலாம்.