தடைக்கால வேலையை ரெஸ்யூமில் போடலாமா?

அன்புள்ள அண்ணனுக்கு,

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்திலிருந்து எழுதுகிறேன். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து இரண்டு வருடமாகிறது. சென்னை, ஸ்ரீபெரும்புதூர், தூத்துக்குடி என்று ஐம்பது இடத்துக்கு மேல் ரெஸ்யூம் அனுப்பியும் ஒரு இன்டர்வியூகூட வரவில்லை. மீன்பிடித் தடைக்காலத்தில் மாமாவோடு போட் எஞ்சின் வேலை பார்ப்பேன், மற்ற நாட்களில் கடலுக்குப் போவேன். கம்பெனி வேலை இல்லையே என்று இதையெல்லாம் போடவில்லை. ரெஸ்யூமை இணைத்திருக்கிறேன். என்ன குறை?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கடிதத்தில் இருக்கும் ஆள் ரெஸ்யூமில் இல்லை. முதல் நான்கு வரி, நிறுவனத்தின் வளர்ச்சிக்கு உழைப்பேன் என்கிறது. உங்கள் செட்டில் படித்த அத்தனை பேரிடமும் அதே வரி இருக்கும். அனுபவம் என்ற இடத்தில் 'ஃப்ரெஷர்'. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாளும் விசைப்படகு டீசல் எஞ்சினைப் பிரித்து மாட்டுகிறவர் எப்படி ஃப்ரெஷர் ஆவார்?

அந்த நான்கு வரியை அடித்துவிட்டு, செய்த வேலையை அங்கே எழுதுங்கள். 'எஞ்சின் வேலை தெரியும்' என்று பொத்தாம்பொதுவாக வேண்டாம். இன்ஜெக்டர் கழற்றிச் சுத்தம் செய்தது, தண்ணீர் பம்ப் சீல் மாற்றியது, புரொப்பல்லர் ஷாஃப்ட் அலைன்மெண்ட் பார்த்தது, எந்த ரக எஞ்சின், ஒரு தடைக்காலத்தில் எத்தனை படகு என்று எழுதுங்கள். ஜெனரேட்டர் பராமரிப்புக்கு ஆள் தேடுகிறவருக்கு இதன் அருமை தெரியும். தனியாகச் செய்தது எது, மாமாவுக்குக் கூடமாட நின்றது எது என்று மட்டும் பிரித்துச் சொல்லுங்கள். எதிரே உட்கார்ந்து இரண்டு கேள்வி கேட்டால் பொய் நிற்காது. சர்டிஃபிகேட் இல்லாவிட்டால் பரவாயில்லை. யாராவது விசாரித்தால் பேச ஒரு படகு உரிமையாளரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

நீங்கள் அனுப்பியது போனில் படம் பிடித்த பிடிஎஃப். பெரிய கம்பெனிகள் பலவற்றில் முதலில் படிப்பது மென்பொருள்தான். படத்தில் இருக்கும் எழுத்தை அது கோட்டைவிடலாம். வேர்டில் டைப் அடித்து, அதிலிருந்தே பிடிஎஃப் எடுங்கள். விளம்பரத்தில் 'பிரிவென்டிவ் மெயின்டனன்ஸ்' என்று கேட்டிருந்து, நீங்கள் செய்ததும் அதுதான் என்றால், அதே சொல்லைப் போடுங்கள். ஐம்பது இடத்துக்கும் ஒரே தாளை அனுப்பினால் இதற்கு வழியில்லை. அப்பா பெயர், மதம், திருமணம் பற்றியதை எல்லாம் எடுத்துவிடலாம். கடைசியில் உள்ள உறுதிமொழி இருந்துவிட்டுப் போகட்டும், அது இல்லாவிட்டால் நம் ஊரில் சிலருக்குத் தூக்கம் வராது.

அப்புறம் போன் நம்பர். நீங்கள் கடலில் சிக்னல் இல்லாமல் இருக்கும்போது கம்பெனியிலிருந்து ஒரு முறை அடித்துப் பார்ப்பார்கள், கிடைக்காவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். வீட்டில் ஒருவர் நம்பரையும் சேர்த்துப் போடுங்கள். எந்தக் கம்பெனிக்கு என்ன வேலைக்கு எழுதியிருக்கிறீர்கள் என்று ஒரு தாளில் குறித்து அவரிடம் கொடுத்துவிட்டு போட் ஏறுங்கள்.