கணக்கில் 5 வோல்ட், மீட்டரில் 4.76: எது சரி?

கேள்வி: 10 வோல்ட் சப்ளையில் இரண்டு 1 மெகா ஓம் ரெசிஸ்டர்களைத் தொடராக இணைத்தேன். நடுப்புள்ளியில் கணக்கும் சிமுலேஷனும் 5.00 வோல்ட் தருகின்றன. டிஜிட்டல் மல்டிமீட்டரில் 4.76தான் வருகிறது. மீட்டர் பழுதா?

பதில்: இல்லை. பெரும்பாலான டிஜிட்டல் மல்டிமீட்டர்களுக்கு டிசி வோல்ட் ரேஞ்சில் உள்தடை 10 மெகா ஓம். அது கீழ் ரெசிஸ்டருக்கு இணையாகச் சேர்ந்ததும் அங்கே 0.909 மெகா ஓம்தான் மிஞ்சும். 10 × 0.909 ÷ 1.909 போட்டால் 4.76. உங்கள் சிமுலேஷனில் உள்ள வோல்ட்மீட்டர் மின்னோட்டமே எடுக்காதது. அதன் குறுக்கே 10 மெகா ஓம் போட்டு ஓட்டுங்கள், இதே எண் வரும்.

மேல் ரெசிஸ்டரையும் அளந்து பாருங்கள். அதுவும் 4.76 காட்டும், கூட்டினால் 9.52. சப்ளை 10 வோல்ட் இருக்க, கூட்டுத்தொகை இப்படிக் குறைந்தால் மீட்டர் சர்க்யூட்டைச் சுமைப்படுத்துகிறது என்று அர்த்தம். வோல்ட்டுக்கு 20 கிலோ ஓம் உள்ள முள் மீட்டரில், 10 வோல்ட் ரேஞ்சில் (உள்தடை 200 கிலோ ஓம்தான்), வெறும் 1.43தான் வரும்!

5 சதவீத டாலரன்ஸ் (குறித்த மதிப்பிலிருந்து 5 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம்) ரெசிஸ்டர் என்றால் அளவீடு 4.52 முதல் 5.00 வரை எங்கும் விழலாம். எனவே முதலில் சப்ளையை அளந்து, ரெசிஸ்டர்களைக் கழற்றித் தனியே அளந்து, அந்த மதிப்புகளையே கணக்கிலும் சிமுலேஷனிலும் போடுங்கள். அளக்கும்போது இரு முனைகளையும் விரலால் பிடிக்க வேண்டாம்; உடலின் தடையும் இணையாகச் சேர்ந்து மதிப்பைக் குறைத்துக் காட்டும். ரெக்கார்டு நோட்டில் பிழை மைனஸ் 4.8 சதவீதம், காரணம் 'மனிதப் பிழை' என்று தயவுசெய்து எழுதாதீர்கள்.

கேள்வி: பிசி 547 டிரான்சிஸ்டர். 12 வோல்ட்டிலிருந்து பேஸுக்கு 1 மெகா ஓம், கலெக்டருக்கு 2.2 கிலோ ஓம். எமிட்டர் நேராகக் கிரவுண்டில். பீட்டா (கலெக்டர் மின்னோட்டம் பேஸ் மின்னோட்டத்தைப் போல் எத்தனை மடங்கு என்பது) 200 என்று கணக்கிட்டால் கலெக்டரில் 7 வோல்ட், சிமுலேஷனில் 4.5, போர்டில் 2.9. எதை நம்புவது?

பதில்: போர்டை. கலெக்டர் மின்னோட்டம் (12 − 2.9) ÷ 2.2, அதாவது 4.14 மில்லி ஆம்பியர். பேஸில் 11.3 மைக்ரோ ஆம்பியர். ஆக உங்கள் கையில் உள்ளதன் பீட்டா சுமார் 366. பிசி 547 வகைக்கு இது 110 முதல் 800 வரை இருக்கலாம். சிமுலேஷனில் இருப்பது அதில் ஏதோ ஒன்று. பீட்டாவை நம்பி நிற்கும் இந்த பயாஸ் (டிரான்சிஸ்டரின் இயங்குநிலையை அமைக்கும்) முறையே பலவீனமானது. பேஸுக்கு மேலே 47, கீழே 10 கிலோ ஓம், எமிட்டரில் 680 ஓம் போடுங்கள். பீட்டா 110 ஆனாலும் 800 ஆனாலும் கணக்குப்படி கலெக்டர் 7.5க்கும் 8க்கும் இடையில்தான் நிற்கும்.