மேல்மடை ஒரு நாடு, கடைமடை இன்னொரு நாடு: பேச்சை எங்கே தொடங்குவது?

கேள்வி: நீர்வளப் பொறியியல் படித்தவன் நான். கிர்கிஸ்தானின் தாலாஸ் பள்ளத்தாக்கில் ஒரு பாசனத் திட்டத்தில் வேலை கிடைத்திருக்கிறது. நதி அங்கிருந்து கஜகஸ்தானுக்குள் போகிறது. மழை குறைவான மலைப்பகுதி, தண்ணீர்ச் சண்டை இருக்கும் என்கிறார்கள். முதலில் பங்கீட்டுக் கணக்கைப் படிக்கட்டுமா?

பதில்: பங்கீட்டைப் படிக்க ஒரு சாயங்காலம் போதும். 1983இல், சோவியத் காலத்திலேயே, தாலாஸ் நீர் ஆளுக்குப் பாதி என்றும், பக்கத்துச் சூ நதியில் கிர்கிஸ்தானுக்கு 58, கஜகஸ்தானுக்கு 42 விழுக்காடு என்றும் வகுத்துவிட்டார்கள். இத்தனை கனமீட்டர் என்று எழுதாமல் விழுக்காடாக எழுதியது புத்திசாலித்தனம். வறண்ட ஆண்டில் இருவருக்கும் சேர்ந்தே குறையும்.

நீங்கள் விசாரிக்க வேண்டியது வேறு: மதகு பழுதானால் யார் பணத்தில் சரிசெய்கிறார்கள்?

தாலாஸ் நீரைத் தேக்கும் கிரோவ் அணை, கொள்ளளவு சுமார் 55 கோடி கனமீட்டர், கிர்கிஸ்தான் மண்ணில் நிற்கிறது. தேங்கும் நீரில் பாதி எல்லை தாண்டியவர்களுக்கு. சோவியத் இருந்தவரை எல்லாம் ஒரே கஜானா. 1991க்குப் பிறகு பராமரிப்பு முழுவதும் மேல்மடைக்காரர் தலையில் விழுந்தது. 2000 ஜனவரியில் கையெழுத்தான ஒப்பந்தம் இதைச் சரிசெய்தது: வாங்கும் நீரின் அளவுக்கேற்ப, இரு நதிகளிலும் உள்ள பொது அணைகள், கால்வாய்களின் இயக்கச் செலவிலும் பழுதுபார்ப்பிலும் கஜகஸ்தான் பங்கு தரும். 2006 முதல் இதற்கென ஒரு கூட்டு ஆணையம் இயங்குகிறது.

கவனியுங்கள், தண்ணீருக்கு விலை என்று அவர்கள் எங்கும் எழுதவில்லை. எழுதியிருந்தால் பேச்சு அன்றைக்கே முறிந்திருக்கும் என்பது என் எண்ணம். ஆற்றுக்கு விலை வைக்க நீ யார் என்று கேட்பவர்கூட மதகுக்குச் செலவாகும் என்பதை மறுக்க மாட்டார். நம் குடிமராமத்தும் இதே நியாயத்தில் நடந்ததுதான்.

எதிர் உதாரணம் தொலைவில் இல்லை. அதே கிர்கிஸ்தானில், சிர் தரியாவின் மேல்கிளையான நாரின் நதியில் டோக்டோகுல் அணை: 1,950 கோடி கனமீட்டர், கட்டியபோது 1,200 மெகாவாட். கீழே உஸ்பெகிஸ்தானுக்கும் கஜகஸ்தானுக்கும் கோடையில் பருத்திக்குத் தண்ணீர் வேண்டும். மேலே குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க மின்சாரம் வேண்டும். 1998இல் ஒரு பண்டமாற்று பேசினார்கள்: கோடையில் நீரைத் திறந்துவிட்டால் குளிர்காலத்துக்கு நிலக்கரியும் எரிவாயுவும். நல்ல மழை பெய்த ஆண்டுகளில் கீழே உள்ளவர்களுக்கு அணை நீர் அவ்வளவாகத் தேவைப்படவில்லை, எரிபொருளும் குறைந்தது. மேலே குளிர் மட்டும் குறையுமா? அணையைக் குளிர்காலத்திலேயே திறந்தார்கள். தேக்கிவைக்கும் சேவைக்கென்று ஆண்டுதோறும் ஒரு நிலையான தொகை பேசியிருந்தால் இவ்வளவு சிக்கல் வந்திருக்காது.

ஆகவே போனதும் பராமரிப்புக் கணக்கைக் கேளுங்கள். எந்த மதகு, எந்த ஆண்டு, யார் எவ்வளவு கொடுத்தார்கள்? எல்லையில் உள்ள அளவுகோலை இரு தரப்பு ஆட்களும் ஒன்றாக நின்று படிக்கிறார்களா, தனித்தனியாகப் படித்துப் பிறகு சண்டையிடுகிறார்களா என்று பாருங்கள். அளவில் நம்பிக்கை இல்லாவிட்டால் பாதிக்குப் பாதி என்பது வெறும் காகிதம். நிலத்தடி நீரையும் விசாரியுங்கள்; ஆற்றைப் பிரித்துக்கொண்டு ஆற்றோரக் கிணறுகளை விட்டுவிட்டால் கணக்கு உதைக்கும்.

ஊருக்குள் முறை வைத்துத் தண்ணீர் விடும் ஆளை அங்கே முராப் என்பார்கள். நம்மூர் நீர்க்கட்டிதான். எந்த மடையில் கசிவு என்று பொறியாளருக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கும். முடிந்தால் பாசனம் தொடங்குவதற்கு முன்பே போய்ச் சேருங்கள். கால்வாய் வறண்டு கிடக்கும்போதுதான் உடைப்பு கண்ணில் படும், அவருக்கும் உங்களோடு நடந்துவர நேரம் இருக்கும்.