குண்டுவெடிப்பில் கடை சேதமானால் யார் தருவார்கள்?

கேள்வி: பயங்கரவாதத் தாக்குதலுக்கு மத்திய அரசு தரும் 5 லட்சம் ரூபாய், கடைச் சரக்குக்கும் கிடைக்குமா? (ஜவுளி வியாபாரி, கோவை)

கிடைக்காது. அந்தத் திட்டம் உயிருக்கும் உடலுக்கும் மட்டுமே. 2008-இல் 3 லட்சமாக இருந்த தொகை, 2016 ஆகஸ்ட் 24 முதல் 5 லட்சமானது. இறந்தவரின் குடும்பமோ, 50 சதவீதத்துக்குக் குறையாத நிரந்தர ஊனம் அடைந்தவரோ கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்பு, வாரிசுச் சான்றிதழ்கள் (காயமென்றால் ஊனச் சான்றிதழ்) தேவை. பல மனுக்கள் பெயர் எழுத்து வித்தியாசத்திலேயே நின்றுவிடும். ஆதாரில் உள்ளபடியே எல்லாவற்றிலும் இருக்கட்டும். எஃப்.ஐ.ஆரில் பெயர் விடுபட்டவருக்கு, ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல்தான் பெரிய ஆதாரம். அதைச் சிகிச்சை நடக்கும்போதே கேட்டு வாங்குங்கள்.

பணம் மூன்று ஆண்டு வைப்புத்தொகையாகப் போடப்படும், வட்டி மட்டும் கைக்கு வரும். மாநில அரசின் நிவாரணம் வாங்கியிருந்தாலும் தடையில்லை. ஆனால் இதற்காகக் குடும்பத்தில் ஒருவருக்கு அரசு வேலை தந்திருந்தால் கிடைக்காது.

கேள்வி: தீ காப்பீடு வைத்திருக்கிறேன். போதாதா? (அதே வாசகர்)

பாலிசியை எடுத்துப் பாருங்கள். 2001 செப்டம்பர் 11 அமெரிக்கத் தாக்குதலுக்குப் பிறகு, மறுகாப்பீட்டு நிறுவனங்கள் (காப்பீட்டு நிறுவனங்களுக்கே காப்பீடு தருபவை) பயங்கரவாத அபாயத்தை ஏற்க மறுத்ததால், 2002-இல் நம் காப்பீட்டு நிறுவனங்கள் கூட்டாக ஒரு நிதித் தொகுப்பை அமைத்தன, நிர்வகிப்பது பொதுத்துறை மறுகாப்பீட்டு நிறுவனமான ஜி.ஐ.சி. வழக்கமான தீ பாலிசியில் பயங்கரவாதப் பாதுகாப்புக்குத் தனிப் பிரீமியம் கட்ட வேண்டும். காப்பீடு செய்யும் சொத்தின் மதிப்பு 5 கோடி ரூபாய் வரை உள்ள சிறு தொழில்களுக்கு 2021 ஏப்ரலில் வந்த 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' பாலிசியில் அது சேர்ந்தே வருகிறது.

20 லட்சம் சரக்கை 10 லட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்திருந்தால், நஷ்டத்திலும் அதே விகிதத்தில் பாதிதான் தருவார்கள்: 4 லட்சம் நஷ்டத்துக்கு 2 லட்சம்தான் வரும். பிரீமியத்தை மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல. போலீஸ் தெருவை அடைத்ததால் வியாபாரம் போனால், சேதமில்லாத கடைக்குச் சாதாரண பாலிசி எதுவும் தராது.

தாக்குதல் நடந்த அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். தடயவியல் துறையினரும், சேதத்தை மதிப்பிடும் காப்பீட்டு சர்வேயரும் பார்க்கும்வரை இடிபாட்டை அகற்றாதீர்கள், படம் எடுத்து வையுங்கள். கொள்முதல் பில்லும் சரக்குக் கணக்கும் ஆடிட்டரிடம் ஒரு பிரதி இருக்கட்டும். கடையோடு கணக்கும் எரிந்துவிட்டால், இருந்த சரக்கை நிரூபிக்க ஜி.எஸ்.டி. கணக்குகளைத்தான் தேட வேண்டியிருக்கும்.

கேள்வி: வாடகை வீட்டில் இருக்கிறேன். என் சாமான்களுக்கு? (வாசகி, மதுரை)

'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசியை வீட்டுச் சாமான்களுக்கு மட்டும் எடுக்கலாம். பயங்கரவாதச் சேதமும் அதில் அடங்கும்.